வார்டில் "சொல்லிட்டேனே" என்று நிற்காமல் இருக்க

நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு சிறுநீரக நோயாளிக்கு பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வந்த சிஸ்டரிடம் "ஒரு ரிப்போர்ட் வரணும், பாத்துக்கோங்க" என்றேன். அவர் அப்போது வேறொரு பெட்டில் ட்ரிப் பாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். நான் கிளம்பிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு லேபிலிருந்து போன் வந்திருக்கிறது. யாரோ எடுத்து, கைக்கு எட்டிய கையுறை டப்பாவின் மேல் 6.4 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் இல்லை, பெட் எண் இல்லை, எந்தப் பரிசோதனை என்றும் இல்லை. இதயத்துக்கு ஆபத்தான அளவு பொட்டாசியம் அது. ராத்திரி இரண்டு மணிக்கு மானிட்டரில் இதயத் துடிப்பின் கோடு கோணலாகப் போக ஆரம்பித்த பிறகுதான் ஒருவர் லேபுக்குப் போன் போட்டுக் கேட்டார். கால்சியம் குளுக்கோனேட், டெக்ஸ்ட்ரோஸோடு இன்சுலின் என்று ஓடி ஓடிப் போட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். மறுநாள் விசாரணையில் நான் "சொன்னேன்" என்று சத்தியம் செய்தேன், அவர் "என்கிட்ட சொல்லவே இல்லை" என்று சத்தியம் செய்தார், இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

நான் கீழே எழுதப்போவது முழுக்க அந்த ஒரு "ம்" பற்றித்தான். வார்டில் ஒரு செய்தியைச் சொல்பவரின் வேலை, அது எதிரில் இருப்பவரிடம் போய்ச் சேர்ந்ததைத் தன் காதால் கேட்கும்வரை முடிவதில்லை. இதை ஒத்துக்கொண்டால் மீதி எல்லாம் பழக்கம், பயிற்சி, கொஞ்சம் தடித்த தோல்.

ஹேண்டோவர்

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பதுதான் ஹேண்டோவர். கையில் வேலை இருப்பவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். அவர் ட்ரிப்பை மாற்றி முடிக்கட்டும், கை கழுவட்டும், பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கட்டும். இரண்டு நிமிடம் போகும், போகட்டும். வாங்குபவரும் அப்படித்தான், காது பாதி, கண் பாதி இருக்கும்போது "சொல்லுங்க சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்வது மரியாதை மாதிரி தெரியும், ஆனால் ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. "ரெண்டு நிமிஷம் கொடுங்க, முடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பெட் எண் 1 முதல் 30 வரை வரிசையாக ஒப்பிக்கும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. 22-ம் பெட் வருவதற்குள் கேட்பவரின் காது மூடிக்கொள்ளும், மோசமாக இருக்கும் நோயாளி எப்போதும் 22-ல்தான் இருப்பார். அதனால் பயமாக இருப்பவரை முதலில் சொல்லுங்கள். "இந்த மூணு பேர்தான் இன்னிக்கு ராத்திரி உங்களைத் தூங்க விடமாட்டாங்க" என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

"ஸ்டேபிள்" என்ற வார்த்தையை விட்டொழியுங்கள். எனக்கு ஸ்டேபிள் என்றால் காலையில் இருந்ததைவிட மோசமாகவில்லை என்று அர்த்தம், உங்களுக்கு ஸ்டேபிள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். எண்ணைச் சொன்னால் இந்தக் குழப்பமே இல்லை. பி.பி. 104/66, மத்தியானம் 126 இருந்தது, அவ்வளவுதான். மேல் எண் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் யார், எதற்காக இருக்கிறார், இந்த ஷிஃப்டில் என்ன மாறியது என்பதை எல்லோரும் சொல்லிவிடுவோம். விட்டுப்போவது கடைசி இரண்டு: என்ன பாக்கி இருக்கிறது, என்ன நடந்தால் என்ன செய்ய வேண்டும். என் பொட்டாசியம் கதையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "12-ம் பெட், பெயர் இன்னது, பொட்டாசியம் ஆறரைக்கு அனுப்பினேன். எட்டரைக்குள்ள வரலைன்னா நீங்களே லேபுக்குப் போன் போடுங்க, 6-க்கு மேல இருந்தா உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க, ஒரு ஈசிஜி எடுங்க." சொல்லிப் பாருங்கள், இருபது வினாடிகூட ஆகாது.

அப்புறம், வாங்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இதைக் கேட்பதில்தான் நமக்குக் கூச்சம். இருபது வருட அனுபவம் உள்ள சீனியர் சிஸ்டரிடம் போய் "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பது போல இருக்கும். பழியை நம் பக்கம் எடுத்துக்கொண்டால் வேலை சுலபம்: "நான் ஏதாவது விட்டுட்டேனான்னு பயமா இருக்கு சிஸ்டர், முக்கியமானதை மட்டும் ஒரு தடவை சொல்லிடுங்களேன்." இதுவரை ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. ஐ-பாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. நோய் எவ்வளவு தீவிரம், நோயாளியின் சுருக்கம், செய்ய வேண்டியவை, என்ன நேரலாம் அதற்கு என்ன செய்வது, கடைசியில் வாங்கியவர் தன் வாயால் தொகுத்துச் சொல்வது என்று ஐந்து படி. அமெரிக்கா, கனடா மருத்துவமனைகள் 9-ல் குழந்தைகள் பிரிவுப் பயிற்சி டாக்டர்களிடையே இதைப் பயன்படுத்திப் பார்த்து 2014-ல் ஆய்வு வெளியானது. மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்திருந்தன. ஹேண்டோவருக்கு ஆன நேரம் ஏறக்குறைய அதேதான். "இதுக்கெல்லாம் நேரம் எங்க இருக்கு" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நான் மனப்பாடமாக வைத்திருக்கும் தகவல் இது.

முடிந்தவரை படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கொடுங்கள். பம்ப் எந்த வேகத்தில் ஓடுகிறது, கேனுலா (ட்ரிப் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, டிரெய்ன் பாட்டிலில் எந்தக் கோடுவரை இருக்கிறது என்பதை இருவரும் சேர்ந்து கண்ணால் பார்த்துவிடலாம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் ஓடும் பம்பைப் பார்க்காமல் ஹேண்டோவர் வாங்காதீர்கள். இன்னொரு லாபமும் உண்டு, நோயாளியே திருத்துவார்: "அந்த மாத்திரையை காலையிலேயே நிறுத்தச் சொல்லிட்டாங்களேம்மா" என்று. பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கக் கூடாத விஷயங்களை மட்டும் நர்ஸ் மேஜையில் பேசிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் ஹேண்டோவரில் கடத்தாதீர்கள், முத்திரை. "அவர் சும்மா கத்துவார், கண்டுக்காதீங்க" என்று ஒருவர் சொன்னால் போதும், அடுத்த மூன்று ஷிஃப்டுக்கு அந்த மனிதரின் வலியை யாரும் நிஜமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலின்னு கூப்பிடறார், பத்துக்கு ஏழுன்னு சொல்றார், கடைசி ஊசி அஞ்சு மணிக்குப் போட்டோம்" என்று சொன்னால் அதே விஷயம்தான், ஆனால் கேட்பவர் போய்ப் பார்ப்பார்.

ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிடுவது

இந்தப் போனை எப்படிச் செய்யக் கூடாது என்று முதலில்:

"டாக்டர், சாரி டாக்டர், தூங்கிட்டிருந்தீங்களா... 14-ம் பெட் கொஞ்சம் சரியில்ல மாதிரி இருக்கு."

"என்ன சரியில்ல?"

"பி.பி. கொஞ்சம் கம்மியா இருக்கு, ஒரு மாதிரி டயர்டா இருக்கார்."

"சரி, ட்ரிப் ஓட்டுங்க, காலைல பாக்கறேன்."

டாக்டர் மேல் கோபம் வருகிறதா? அவருக்கு அரைத் தூக்கத்தில் கிடைத்தது "கொஞ்சம்", "ஒரு மாதிரி" என்று இரண்டு வார்த்தைகள்தான். அதை வைத்துக்கொண்டு எழுந்து வர வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

போனை எடுப்பதற்கு முன் நோயாளியை நீங்களே போய்ப் பாருங்கள், உதவியாளர் சொன்னதை வைத்து மட்டும் கூப்பிடாதீர்கள். அந்த நிமிடத்து பி.பி., நாடி, மூச்சு, சேச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு), காய்ச்சல். மூச்சை முப்பது வினாடியாவது எண்ணுங்கள்; எல்லோரும் 18 என்று எழுதிவிட்டுப் போகும் எண் அதுதான், ஆள் மோசமாகப் போகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவதும் அதுதான். கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, அலர்ஜி, கடைசி ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். இப்போது கூப்பிடுங்கள்:

"டாக்டர், நான் சர்ஜிக்கல் வார்டு நைட் நர்ஸ், என் பெயர் இன்னது. 14-ம் பெட் நோயாளி, இன்ன பெயர், 58 வயசு. திடீர்னு மோசமாயிட்டிருக்கார், அதுக்காகக் கூப்பிடறேன். குடல் ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்கு நாலாவது நாள், பத்து மணிக்கு எல்லாம் சரியா இருந்தது, நாடி 92, பி.பி. 124/78. இப்ப நாடி 118, பி.பி. 98/60, மூச்சு 26, ஆக்ஸிஜன் இல்லாம சேச்சுரேஷன் 93, காய்ச்சல் 38.4. கடைசி ரெண்டு மணி நேரமா யூரின் மணிக்கு 20 மில்லிதான் வருது, வயிறு இறுகிப்போய் இருக்கு. தையல் போட்ட இடத்துல கசிவோ, தொற்று ரத்தத்துல பரவுதோன்னு பயமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பாக்கணும் டாக்டர். அதுவரைக்கும் ஆக்ஸிஜன் ஆரம்பிக்கட்டுமா, ரத்த கல்ச்சரும் லாக்டேட்டும் எடுத்து வைக்கட்டுமா?"

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டாக்டர் ஏற்கனவே சட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.

இதற்கு எஸ்-பி-ஏ-ஆர் என்று பெயர்: இப்போதைய நிலை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்களுக்கு வேண்டியது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் தகவல் சொல்லப் பயன்பட்டது, 2000-களின் தொடக்கத்தில் மருத்துவமனைகளுக்கு வந்தது. முன்னால் "நான் யார், யாரைப் பற்றிப் பேசுகிறேன்" என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பெட் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். சாயங்காலம் படுக்கை மாறியிருந்தால், டாக்டர் மனதில் 14 என்றால் வேறு ஆள்.

நாம் தடுமாறுவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான். எண்களை ஒப்பித்துவிட்டு அமைதியாகிவிடுவோம், முடிவை அவர் சொல்லட்டும் என்று. டாக்டரிடம் "இது கசிவா இருக்கலாம்" என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று பலருக்கும் பயிற்சிக் காலத்திலேயே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். நோயைக் கண்டுபிடித்துச் சொல்லத் தேவையில்லை, "என்னன்னு தெரியலை, ஆனா பத்து மணிக்குப் பாத்த ஆள் இவர் இல்லை" என்பதே ஒரு கணிப்புதான். ஆனால் "நீங்கள் வர வேண்டும்" என்பதைக் கட்டாயம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜாடை காட்டினால் அவருக்குப் புரியும் என்று நம்பாதீர்கள்.

வார்டில் நியூஸ் 2 மாதிரி, பி.பி., நாடி, மூச்சு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் எச்சரிக்கை அட்டவணை இருந்தால் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆளுக்குக் கூட்டினால் 10 வரும், 7-ஐத் தொட்டாலே அவசரம் என்று அந்த அட்டவணை சொல்கிறது. உங்கள் மனதில் தோன்றியதோடு வாதாடலாம், 10-ஓடு வாதாடுவது கஷ்டம்.

"சரி, வர்றேன்" என்று பதில் வந்தால் அது இன்னொரு "ம்" தான். "எத்தனை நிமிஷத்துல டாக்டர்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்று சொல்லிப் பதினைந்தாகியும் வரவில்லை என்றால் மறுபடி ஒரு போன், அப்படியும் இல்லையென்றால் அவருக்கு மேலே இருப்பவருக்கு. இது கோள் சொல்வது ஆகாது, படிக்கட்டு அதற்காகத்தான் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனக்கசப்பும் வராது: "நீங்க வேற கேஸ்ல மாட்டிக்கிட்டா நான் சீனியர் டாக்டரைக் கூப்பிட்டுக்கறேன் டாக்டர்."

போனில் வரும் ஆர்டர்

வாய்மொழி ஆர்டரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது முதலில் எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், "ஆமாம், சரி" என்று காதில் விழுந்த பிறகு மருந்தைத் தொடுங்கள். இந்த மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் தாண்டிவிடுவோம்.

இன்சுலினில் பிஃப்டீனும் பிஃப்டியும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். தமிழில் சொன்னாலும் தப்பிக்க முடியாது. அறுபது, எழுபது என்றால் வார்டு சத்தத்தில் வால் மட்டும்தான் காதில் விழும். அதனால் இலக்கம் இலக்கமாகச் சொல்லிக் கேளுங்கள்: "ஒன்று, ஐந்து, பதினைந்து யூனிட், சரியா டாக்டர்?" டோபமைன், டோபுடமைன் மாதிரி ஒலியில் ஒட்டிப்பிறந்த மருந்துகளுக்கு எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் தப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எழுதும்போது யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தை மட்டும் போட்டால் பூஜ்யம் மாதிரி தெரிந்து 10 யூனிட் 100 ஆன கதைகள் உண்டு. 5 மி.கி. என்பதை 5.0 என்று எழுதாதீர்கள், புள்ளி மங்கினால் 50. அரை மி.கி. என்றால் 0.5, முன்னால் பூஜ்யம் இல்லாமல் .5 என்று எழுதினால் 5 என்று படிக்க ஒருவர் எங்காவது இருப்பார். இவை எல்லாம் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2004-ல் "பயன்படுத்தக் கூடாது" என்று பட்டியல் போட்டவை.

கூடவே ஒரு வார்த்தை, லேபிலிருந்து வரும் போனுக்கும் இதே சட்டம். பெயர், எண், பரிசோதனை, அளவு, எழுது, படித்துக் காட்டு, யாரிடம் சொன்னாய் என்று பதிவு செய். கையுறை டப்பாவின் மேல் எழுதாதே. (இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.)

பெரியவர்களிடம் "இல்லை" என்பது

1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு விமான நிலையம், பனிமூட்டம். ஓடுதளத்தில் இன்னொரு விமானம் இருக்கும்போதே ஒரு ஜம்போ ஜெட் கிளம்ப ஆரம்பித்தது. முன்னால் இருக்கும் விமானம் ஓடுதளத்தை விட்டு விலகவில்லையோ என்று ஜம்போவின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். கேப்டன் அழுத்தமாக விலகிவிட்டது என்ற பொருளில் பதில் சொன்னார், இன்ஜினியர் அதற்கு மேல் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். விமானத் துறை அதற்குப் பிறகுதான் கீழே இருப்பவர் எப்படிப் பேச வேண்டும், மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து பாடம் எடுக்க ஆரம்பித்தது.

நமக்கு இதைவிட நெருக்கமான கதை 2005-ல் பிரிட்டனில் நடந்தது. சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த பெண், மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாயில் டியூப் போகவில்லை. டாக்டர்கள் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு நர்ஸ் கழுத்தில் துளை போடும் கருவிகளைக் கொண்டுவந்து தயாராக இருக்கிறது என்றார், இன்னொருவர் ஐ.சி.யு.வில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, டாக்டர்கள் காதில் ஏறும்படி எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துவிட்டார். கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. யாரையும் தண்டிக்கச் சொல்லாமல் மருத்துவத்தில் மனிதத் தவறுகள் பற்றிய ஒரு அமைப்பையே தொடங்கினார்.

கருவியைக் கொண்டுபோய் வைப்பது ஜாடை. "ம்" மாதிரி அதுவும் காற்றில் கலந்துவிடும். அதனால் படிப்படியாக ஏறும் வாக்கியங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் புதிதாக யோசிக்க வராது. முதல் படி: "எனக்குக் கவலையா இருக்கு டாக்டர், கிரியாட்டினின் 3.2, கிட்னி சரியா வேலை செய்யலை, இந்த டோஸ் சரியா?" காதில் போட்டுக்கொள்ளவில்லையா, இரண்டாவது: "இதைக் கொடுக்க எனக்கு மனசு ஒப்பலை டாக்டர்." அதுவும் ஏறவில்லையா: "இது நோயாளியோட பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நிறுத்துங்க, சரி பாத்துட்டுக் கொடுக்கலாம்." இரண்டு தடவை சொல்லியும் பதில் வரவில்லை என்றால் சார்ஜ் நர்ஸையோ (அந்த ஷிஃப்டில் வார்டுக்குப் பொறுப்பானவர்) அடுத்த சீனியரையோ கூப்பிட வேண்டும்.

"சார்" என்று கூப்பிடுவதை விட வேண்டாம், குரலை உயர்த்த வேண்டாம். மரியாதையோடு உறுதியாகப் பேசுவது நம் மொழியில் நன்றாகவே முடியும். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்ற வாக்கியத்தை மட்டும் மருந்து விஷயத்தில் மறந்துவிடுங்கள். நீங்கள் சந்தேகப்பட்டது தப்பு என்று தெரிந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் ஐந்து முறை கேட்டால் மூன்று முறை நான்தான் தப்பாக இருப்பேன், அந்த மற்ற இரண்டுக்காகத்தான் கேட்பது.

நீங்களே சீனியர் என்றால், கேள்வி கேட்ட ஜூனியரிடம் நீங்கள் முதல் தடவை காட்டும் முகம்தான் எல்லாம். ஒரே ஒரு தடவை "இது கூடத் தெரியாதா" என்று கேட்டுவிட்டால் போதும், அந்தப் பெண் அடுத்த ஆறு மாதம் உங்களிடம் எதையும் கேட்க மாட்டாள். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துப் பிழைகளை எண்ணப் போனார், நல்ல குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து. நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே தப்பை வெளியில் சொல்லப் பயமில்லை, மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். உங்கள் வார்டில் மாதக் கணக்கில் ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன்.

"யாராவது" என்பவர் யார்?

"யாராவது போய் சக்ஷன் மெஷின் எடுத்துட்டு வாங்க" என்றால் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், அல்லது நான்கு பேரும் ஓடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். அவர் "சக்ஷன் மெஷின், எடுத்துட்டு வர்றேன்" என்று திருப்பிச் சொல்லட்டும், வந்ததும் "மெஷின் வந்தாச்சு" என்று சத்தமாகச் சொல்லட்டும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் "அட்ரினலின் 1 மி.கி. போட்டாச்சு, மூணு அஞ்சு" என்று நேரத்தோடு சத்தமாகச் சொல்லவில்லை என்றால் அடுத்த டோஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

பெயர் தெரிந்திருந்தால்தானே கூப்பிட முடியும்? உலக சுகாதார அமைப்பு 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் பெயரும் பொறுப்பும் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்றே ஒரு வரி இருக்கிறது. 8 நகரங்களில் அதைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. எல்லாம் அறிமுகத்தால் என்று சொல்ல வரவில்லை, பட்டியலில் இன்னும் நிறைய இருக்கிறது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் நின்று, யாருக்கு எந்த நோயாளி, யார் மோசம், யார் இன்று புதிது, யார் சாப்பிடப் போகும்போது யார் பார்ப்பார் என்று பேசிவிட்டால் இது வார்டிலும் நடந்துவிடும்.

உதவியாளர்களிடம் வேலை சொல்லும்போது எப்போது வந்து சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அக்கா, 9-ம் பெட்டுக்கு யூரின் பை காலி பண்ணுங்க" என்பது பாதி. "எவ்வளவு இருந்ததுன்னு அளந்து எங்கிட்ட சொல்லுங்க, 100-க்குக் கீழ இருந்தா உடனே கூப்பிடுங்க" என்பதோடு சேர்த்தால்தான் முழுசு. அவர்கள் நோயாளியோடு நம்மைவிட அதிக நேரம் இருப்பவர்கள். "என்னமோ இன்னிக்கு அவர் பேச்சே சரியில்ல சிஸ்டர்" என்று ஒருவர் சொன்னால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள்.

பக்கத்து நர்ஸ் திணறும்போது "ஏதாவது ஹெல்ப் வேணுமா?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். "உங்க ஆறு மணி ஆன்டிபயாடிக் ரெண்டையும் நான் போட்டுடறேன், சார்ட்டைக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

சண்டை வந்தால், வரும், நோயாளி முன்னால் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி மூணு பேருக்கு ட்ரிப் முடிஞ்சு ரத்தம் ஏறி நின்னுச்சு, எனக்கு முக்கால் மணி நேரம் போச்சு." "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்தது. குழுவில் நோயாளியின் படம், பெயர், ரிப்போர்ட் போடுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், போடாதீர்கள்.

எழுதுவது

"டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது" என்ற வரி கேஸ் ஷீட்டில் எதற்கும் உதவாது. எந்த டாக்டர், எத்தனை மணி, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார், அப்புறம் என்ன நடந்தது. "02.10: டியூட்டி டாக்டர் இன்னாரிடம் போனில், பி.பி. 98/60, நாடி 118, நேரில் வரக் கேட்டேன். 10 நிமிடத்தில் வருவதாகச் சொன்னார். 02.24: வந்து பார்த்தார்." செய்ததும் எழுதுங்கள், செய்வதற்கு முன் எழுதாதீர்கள், தப்பாக எழுதினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடுங்கள், வெள்ளை மை பூசாதீர்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் இதில் பெரிய வித்தை இல்லை.

நோயாளியின் வீட்டார்

காலையில் ஒரு டாக்டர் "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருப்பார், மத்தியானம் இன்னொருவர் "இன்னும் ஸ்கேன் பாக்கி இருக்கு" என்பார், சாயங்காலம் வீட்டார் வந்து நம்மிடம் கத்துவார்கள். அவர்கள் கோபம் நம் மேல் இல்லை, இரண்டு வாய் இரண்டு விதமாகப் பேசியதன் மேல். "உங்களுக்கு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?" என்று முதலில் கேளுங்கள், பேச ஆரம்பிப்பது அதற்கப்புறம். வீட்டுக்கு அனுப்பும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அந்தத் தலையாட்டலும் "ம்" தான். "வீட்டுல போய் இந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள்.

காத்திருப்பவர்களிடம் "டாக்டர் வருவார், வெயிட் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். "மூணு மணிக்கு நானே வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். மூன்று மணிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் போய் நின்று, "இன்னும் ரிப்போர்ட் வரலை, நாலரைக்கு மறுபடி வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.